கிணற்றைப் பார்த்து மீன் வாங்குங்கள்

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். இரண்டடித் தொட்டி வாங்கி, வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை நிரப்பி, மறுநாளே 15 நியோன் டெட்ரா விட்டாராம், கூட்டமாகத் திரியும் அந்த மின்னும் சின்ன மீனைத்தான். நான்கு நாளில் 9 செத்துவிட்டன. தெரிந்த ஒருவரின் பேச்சைக் கேட்டு முழுத் தண்ணீரையும் கொட்டி, கல்லையும் பில்டர் பஞ்சையும் கழுவி வெயிலில் காயவைத்து, புதுத் தண்ணீர் விட்டாராம். அதற்குப் பிறகு இன்னும் 3 போய்விட்டன. "கடையில் நோய் மீனைத் தந்துவிட்டார்களா, இல்லை எனக்குத்தான் கைராசி இல்லையா?" என்பது கேள்வி.

கைராசியை விடுங்கள். முதலில் உங்கள் வீட்டுக் கேத்தலைத் திறந்து அடியைப் பாருங்கள். சுண்ணாம்பு பூசியதுபோல வெள்ளைப் படை இருக்கிறதா? வலிகாமத்தில் பெரும்பாலான வீடுகளில் இருக்கும். எங்கள் வீட்டுக் கேத்தலில் நகத்தால் சுரண்டினால் செதில் செதிலாக வரும். அம்மா மாதமொருக்கால் வினாகிரி ஊற்றி ஊறவைப்பார். உங்கள் மீன் நீந்துவதும் அந்தத் தண்ணீரில்தான்.

நம் குடாநாடு சுண்ணாம்புக்கல்லின் மேல் கிடக்கிறது. பெய்யும் மழை அந்தக் கல்லுக்குள் இறங்கும்போது கல்சியத்தையும் இருகாபனேற்றையும் கரைத்துக்கொண்டு கிணற்றுக்கு வருகிறது. அதுதான் 'கடினத் தண்ணீர்'. சவர்க்காரம் போட்டால் நுரைக்க அடம்பிடிக்கும். தீவுப் பக்கமும் கரையோரமும் போனால் இதோடு உவரும் சேரும். புத்தூர்ப் பக்கம் நிலாவரைக் கிணறு மேலே நல்ல தண்ணீரும் ஆழத்தில் உப்புத் தண்ணீருமாக இருப்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. நம் நிலத்தடி நீர் முழுக்கவே ஏறக்குறைய அந்த ஏற்பாடுதான்: கடல்நீரின் மேல் மிதக்கும் ஒரு நன்னீர்ப் படை.

இனி நியோன் டெட்ராவின் ஊரைப் பாருங்கள். அமேசன் ஆற்றின் மேற்பகுதி. 1934இல் பெருவில் கண்டெடுத்து, 1936இல் பெயர் வைத்தார்கள். அது வாழும் காட்டோடைகளில் இலை தழை ஊறி, தண்ணீர் தேயிலைச் சாயம்போல இருக்கும். கரைந்த உப்பு என்று சொல்ல அதில் ஒன்றுமே இல்லை, கிட்டத்தட்ட மழைத் தண்ணீர்தான். அதன் பெரிய சகோதரம்போல இருக்கும் கார்டினல் டெட்ராவின் ரியோ நீக்ரோ ஆறும் அப்படியே. சுண்ணாம்பென்றால் என்னவென்றே தெரியாத மீனைக் கொண்டுவந்து சுண்ணாம்புக் கிணற்றுக்குள் விட்டிருக்கிறோம்.

ஆனால் ஒரு விஷயத்தைச் சரியாகச் சொல்லவேண்டும். நான்கு நாளில் 9 மீனைக் கொன்றது கடினத்தன்மை மட்டும் இல்லை. இன்று கடைக்கு வருகிற நியோன் காட்டில் பிடித்ததல்ல, பண்ணையில் பல தலைமுறை வளர்ந்தது. ஓரளவு கடினத் தண்ணீரில் அது சில காலம் ஓட்டும், நிறம் மங்கி, ஆயுள் குறைந்து. உங்கள் தொட்டியில் நடந்தது வேறு: அமோனியா.

மீன் மூச்சு விட்டாலே செவுள் வழியாக அமோனியா வெளியேறும். மிஞ்சிய தீனி அழுகினாலும் அமோனியாதான். பழகிய தொட்டியில் ஒருவகைப் பற்றீரியா அதை நைத்திரைற்றாக்கும், இன்னொன்று நைத்திரேற்றாக்கும். முதல் இரண்டும் நஞ்சு, மூன்றாவது அளவோடு இருந்தால் பெரிய கேடில்லை. இந்தப் பற்றீரியாக்கள் தண்ணீரில் மிதப்பதைவிடப் பஞ்சிலும் கல்லிலும் ஒட்டிக்கொண்டுதான் வாழ்கின்றன. அவை குடியேற மூன்று முதல் ஆறு வாரம் ஆகும். நீங்கள் மறுநாளே மீனை விட்டீர்கள். பிறகு, குடியேறத் தொடங்கிய கொஞ்சத்தையும் கழுவி வெயிலில் காயப்போட்டீர்கள். தண்ணீரை மாற்றியது பிழையில்லை, பஞ்சைக் காயவைத்ததுதான் பிழை.

கேத்தலின் பங்கு இதற்குள்தான் வருகிறது. ஒரே அளவு அமோனியா எல்லாத் தண்ணீரிலும் ஒரே அளவு கொல்லாது. 30 பாகைச் சூட்டில், பிஎச் (தண்ணீரின் அமில, கார அளவு) 7 உள்ள தண்ணீரென்றால் மொத்த அமோனியாவில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் கொடிய வடிவத்தில் இருக்கும். நம் சுண்ணாம்புத் தண்ணீர்போல பிஎச் 8 ஆனால் அது நூற்றில் ஏழு பங்குக்கு மேல் போய்விடும். மென்தண்ணீர் ஊர்க்காரர் புதுத் தொட்டியில் செய்யும் அதே தவறு, நம் தண்ணீரில் கிட்டத்தட்டப் பத்து மடங்கு கடுமையாகத் திருப்பி அடிக்கிறது. இன்னொன்று: மோட்டரைப் போட்டவுடன் வரும் தண்ணீரை அளந்து பிஎச் 7.2 என்று நிம்மதியாக இருக்காதீர்கள். நிலத்துக்கடியில் கரைந்திருந்த காபனீரொட்சைட்டு வெளியேறியதும் அது ஏறும். ஒரு வாளியில் காற்றுக்கல் (பம்ப் காற்றைக் குமிழியாக விடும் கல்) போட்டு ஒரு நாள் வைத்துவிட்டு அளந்து பாருங்கள். அந்த எண்தான் மெய்.

"அப்படியென்றால் பிஎச்சைக் குறைக்க மருந்து போடலாமே?" என்பீர்கள். ஒருகாலத்தில் நானும் போட்டேன். தேசிக்காய்ப் புளிகூட விட்டுப் பார்த்திருக்கிறேன், சிரிக்காதீர்கள். மாலையில் 7க்கு இறங்கும், காலையில் பழைய இடத்துக்கே வந்து நிற்கும். தண்ணீரில் இருக்கும் இருகாபனேற்று நாம் விடும் அமிலத்தையெல்லாம் விழுங்கிவிட்டு அசையாமல் இருக்கும். இப்படி ஏறி இறங்குவதுதான் மீனைக் களைக்கவைக்கிறது. நிலையான 8இல் மீன் பழகிவிடும், தினம் ஆடும் 7இல் பழகாது. வாதுமை மரத்திலிருந்து காய்ந்து விழும் இலையைப் போடுங்கள், நல்லதுதான். தண்ணீர் பொன்னிறமாகும், மீனுக்கும் ஒளிய இடம் கிடைக்கும். ஆனால் அது நம் தண்ணீரின் பிஎச்சைக் குறைக்கும் என்று நம்பவேண்டாம்.

ஆக, வழி இரண்டு. தண்ணீருக்கு ஏற்ற மீனை வாங்குவது அல்லது மீனுக்கு ஏற்றபடி தண்ணீரைக் கலப்பது. தொடங்குகிறவருக்கு நான் முதலாவதைத்தான் சொல்வேன்.

கூட்டமாகத் திரியும் சின்ன மீனில், நம் கிணற்றோடு சண்டை பிடிக்காதது சீப்ரா டேனியோ. கங்கைச் சமவெளியின் ஓடைகளிலும் வயற்கரை வாய்க்கால்களிலும் வாழ்கிற மீன், சூடும் குளிரும் கலங்கலும் பார்த்துப் பழகியது. உலகெங்கும் ஆய்வுகூடங்களில் வளர்க்கிறார்களே, அதே மீன்தான். விலையும் குறைவு. நிறம் நியோன் அளவுக்கு மின்னாது என்பது உண்மை, ஆனால் பத்துப் பன்னிரண்டு ஒன்றாகத் தொட்டியின் மேற்பாதியில் ஓடிப்பிடித்து விளையாடுவதைப் பார்த்தால் நேரம் போவது தெரியாது. ஓட நீளம் வேண்டும், இரண்டடிக்குக் குறைந்த தொட்டியில் விடவேண்டாம்.

கறுப்பு நிறத்து பிளாக் விடோ டெட்ராவும் தாங்கும், டெட்ராக்களில் இது ஒரு முரட்டுப் பிறவி. டைகர் பார்ப் அதைவிட முரடு. எட்டுக்குக் குறையாமல் வாங்கினால் தங்களுக்குள்ளே சண்டைபோட்டுக்கொண்டு இருக்கும், நாலைந்து வாங்கினால் மற்ற மீனின் செட்டையைக் கடிக்கும். கப்பியோடு இந்த இரண்டையும் சேர்க்கவே கூடாது. கப்பி, மொலி, பிளட்டி மூன்றும் நம் தண்ணீருக்கென்றே பிறந்தவை. மொலி உவரையும் தாங்கும், வேலணை, ஊர்காவற்றுறைக்காரர் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். ஆனால் அவை கூட்டமாக நீந்தும் மீன் அல்ல, நீங்கள் வாங்க நினைத்ததும் அதுவல்ல.

நம் நாட்டுக்கே உரிய செரி பார்ப் மீது எனக்குக் கொஞ்சம் பாசம் அதிகம். களனி ஆற்றிலிருந்து நில்வளா ஆறு வரையுள்ள ஈரவலயத்து நிழலோடைகள்தான் அதன் வீடு. 1929இல் இலங்கை விலங்கியலாளர் தெரணியகல அதை முதன்முதலில் விவரித்தார். காட்டில் அது மென்தண்ணீர் மீன். பண்ணையில் பிறந்தது ஓரளவு கடினத் தண்ணீருக்குப் பழகிவிடும், முக்கால் பங்கு கிணறு, கால் பங்கு மழைத் தண்ணீர் கொடுத்தால் இன்னும் நன்று. செடியும் நிழலும் வேண்டும். வெளிச்சமான வெறும் தொட்டியில் விட்டால் வெளிறிப்போய் மூலையில் நிற்கும். பயம் தெளிந்தபின் ஆண் மீனில் ஏறும் சிவப்பைப் பார்க்கவேண்டும்.

எதை வாங்கினாலும் எண்ணிக்கையில் கஞ்சத்தனம் வேண்டாம். ஐந்து வகையில் இரண்டிரண்டு வாங்குவதுதான் நம் ஆட்களின் வழக்கம், கலியாண வீட்டுச் சாப்பாடுபோல எல்லாம் கொஞ்சம் கொஞ்சம். இந்த மீன்களுக்குக் கூட்டம்தான் பாதுகாப்பு. ஒன்று காணாததை இன்னொன்று காணும், எதிரிக்கும் எதைக் குறிவைப்பதென்று தெரியாது. இரண்டு மூன்றாக விட்டால் நாள் முழுக்கப் பயத்திலேயே வாழும். ஆறு என்பது ஆகக் குறைந்த கணக்கு, பத்து நல்லது. 24க்கு 12க்கு 12 அங்குலத் தொட்டியில் விளிம்புவரை 56 லீற்றர் பிடிக்கும், கல்லும் மேல் இடைவெளியும் போக 48, 50 லீற்றர் மிஞ்சும். அதில் ஒரே வகை மீன் பத்து. அவ்வளவுதான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. காணொளிகளில் வருவதுபோல மீனெல்லாம் ஒரே திசையில், ஒரே வரிசையில் போகவேண்டும் என்றுதான் எல்லோருக்கும் ஆசை. ஆனால் நிம்மதியாக இருக்கும் மீன் அப்படிப் போகாது. ஒன்று செடியைக் கொத்தும், இரண்டு ஒன்றையொன்று துரத்தும், மற்றவை பக்கத்தில் கலைந்து நிற்கும். கதவு படாரென்று சாத்தினால் ஒரு நொடியில் ஒன்றுகூடி வரிசையாகும். உங்கள் மீன் எப்போதும் இறுக்கமாக ஒரு மூலையில் திரண்டு நின்றால் அதை அழகென்று படம் எடுக்காதீர்கள். எதையோ கண்டு அஞ்சுகிறது அல்லது தண்ணீர் சரியில்லை.

கல், மணல் பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். கடற்கரை மணலையும் முருகைக்கல்லையும் அள்ளிவந்து போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். காய்ந்த மணலில் ஒரு கரண்டி எடுத்து வினாகிரி நாலு துளி விடுங்கள். நுரைத்தால் அதில் சிப்பித்தூளோ சுண்ணாம்போ இருக்கிறது, தண்ணீரை மேலும் கடினமாக்கும். நுரைக்காதது நல்லது.

இனித் தண்ணீரைக் கலக்கும் வழி. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை நமக்குக் கொட்டும் மழையைவிட நல்ல தண்ணீர் எந்தக் கடையிலும் இல்லை. முதல் இரண்டு மூன்று மழை கூரையைக் கழுவட்டும், பிறகு சுத்தமான பிளாஸ்டிக் தாங்கியில் பிடித்து, நுளம்பு புகாமல் துணி கட்டி மூடி வையுங்கள். கணக்கு எளிது: கிணற்றுத் தண்ணீரின் கடினத்தன்மை லீற்றருக்கு 300 மில்லிகிராம் என்றால், சரிபாதி மழைத் தண்ணீர் சேர்த்தால் 150. வெறும் மழைத் தண்ணீரில் மட்டும் வளர்க்க வேண்டாம், இருகாபனேற்று அறவே இல்லாத தண்ணீரில் பிஎச் திடீரென்று சரியும். மழை இல்லாத மாதங்களில், ஊருக்கு ஊர் இருக்கும் சுத்திகரித்த குடிதண்ணீரை வாங்கிக் கலக்கலாம். குழாய்த் தண்ணீர் வரும் வீடென்றால் குளோரீனைக் கவனியுங்கள், ஒரு இரவு காற்றுக்கல் ஓடவிட்டபின் அல்லது குளோரீன் நீக்கும் மருந்து விட்டபின்தான் தொட்டிக்குள் ஊற்றவேண்டும்.

கலப்பதில் இன்னொரு இலாபமும் உண்டு. தோட்டப் பசளையும் மலசலக்குழிக் கசிவும் சேர்ந்து வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்றை ஏற்றிவிட்டன. குடிதண்ணீருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம், அதைத் தாண்டிய கிணறுகள் நம்மிடம் நிறைய. நைத்திரேற்றைக் குறைக்கத் தண்ணீர் மாற்று என்றுதான் எல்லா இடத்திலும் எழுதியிருப்பார்கள். மாற்றுகிற தண்ணீரிலேயே அது இருந்தால் என்ன செய்வது? கொதிக்கவைத்தாலும் போகாது. மழைத் தண்ணீர் கலந்தால் பாதியாகும். பிறகு, மணி பிளாண்ட் கொடி ஒன்றை வெட்டி, இலை வெளியிலும் வேர் தண்ணீரிலுமாகத் தொட்டி விளிம்பில் தொங்கவிடுங்கள். நைத்திரேற்றை உறிஞ்சி வளரும். என் தொட்டியில் வேர் ஒரு முழத்துக்குத் தாடிபோலத் தொங்குகிறது, மீனும் அதற்குள்தான் ஒளிகிறது.

தொட்டிக் கண்ணாடியில் நீர்மட்டத்துக்கு மேலே வெள்ளைக் கோடு விழுகிறதல்லவா? தண்ணீர் ஆவியாகும், சுண்ணாம்பு ஆவியாகாது. குறைந்த அளவைக் கிணற்றுத் தண்ணீராலேயே நிரப்பிக்கொண்டு வந்தால் மாதக்கணக்கில் கடினம் ஏறிக்கொண்டே போகும். குறைந்ததை நிரப்ப மழைத் தண்ணீர், வாராந்தம் கால்வாசி மாற்றக் கலவைத் தண்ணீர் என்று பிரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கடையிலிருந்து மீனைக் கொண்டுவருவதில் பலர் அறியாத ஒன்று. நாட்டின் வண்ண மீன் பண்ணைகள் பெரும்பாலும் கொழும்பு, கம்பகாப் பக்கம்தான். அங்கிருந்து 400 கிலோமீற்றர், ஒரு இரவுப் பயணம். பையைக் கட்டி இத்தனை மணிநேரம் ஆனால் மீன் விடும் மூச்சால் பைக்குள் காபனீரொட்சைட்டு கூடி, பிஎச் இறங்கியிருக்கும். அமோனியாவும் சேர்ந்திருக்கும், ஆனால் பிஎச் குறைவாக இருப்பதால் அது கடிக்காது. பையைத் திறந்த நொடியில் வாயு வெளியேறும், பிஎச் ஏறும், அமோனியா நஞ்சாகும். அதனால் நேரே கொழும்பிலிருந்து வந்த பையென்றால் திறந்து வைத்துக்கொண்டு ஒரு மணிநேரம் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுவது மீனை அதே நஞ்சில் ஊறவைப்பதாகும். மூடிய பையைத் தொட்டியில் இருபது நிமிடம் மிதக்கவிட்டுச் சூட்டைச் சமப்படுத்தி, திறந்ததும் வலையால் மீனை மட்டும் எடுத்து, முன்னரே மழைத் தண்ணீர் கூடுதலாகக் கலந்து வைத்த ஒரு பாத்திரத்தில் விடுங்கள். பிறகு ஒரு வாரத்துக்குள் மெல்ல மெல்லக் கிணற்றுத் தண்ணீரின் அளவைக் கூட்டலாம். யாழ்ப்பாணக் கடையில் இரண்டு மூன்று வாரம் இருந்த மீனென்றால் அது நம் தண்ணீருக்குப் பழகியிருக்கும். "வந்து எத்தனை நாள்?" என்று கேட்டு வாங்குங்கள். நேற்று வந்ததென்றால் பத்து நாள் கழித்து வருகிறேன் என்று சொல்லிவிட்டு வாருங்கள். அதற்குள் சாவது கடையிலேயே சாகட்டும். கொஞ்சம் கொடுமையான பேச்சுத்தான்.

சூடு நமக்கு இன்னொரு தலையிடி. ஹீட்டர் இங்கே தேவையில்லை. சித்திரை, வைகாசியில் தொட்டி 31, 32 பாகைக்கு ஏறும், நியோனுக்கு 25ஐ ஒட்டி இருந்தால்தான் சுகம். சூடான தண்ணீரில் ஒட்சிசன் குறைவாகத்தான் கரையும். மேற்கு யன்னலோரம் தொட்டியை வைக்காமல், மூடியைத் திறந்து வலை போட்டு, ஒரு சின்ன மின்விசிறியைத் தண்ணீர் மேல் காட்டினால் இரண்டு பாகை இறங்கும்.

2022 பங்குனிக் கடைசியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் கரண்ட் இல்லாமல் போனதே, அப்போது நானும் ஒரு தொட்டியை முழுதாக இழந்தேன். வெளிப்பில்டருக்குள் தண்ணீர் ஓடாமல் நின்று, பற்றீரியா மூச்சுமுட்டிச் செத்து அழுகி, கரண்ட் வந்ததும் அந்த அழுகல் முழுவதும் தொட்டிக்குள் கொட்டியது. அன்றிலிருந்து காற்றில் ஓடும் பஞ்சு பில்டர்தான். கரண்ட் நின்றாலும் பஞ்சு தொட்டிக்குள்ளேயே இருப்பதால் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். பற்றரியில் ஓடும் சின்னக் காற்றுப் பம்ப் ஒன்று வாங்கி வையுங்கள். அதுவும் இல்லாவிட்டால் ஒரு செம்பால் தண்ணீரை மொண்டு ஒரு அடி உயரத்திலிருந்து திரும்ப ஊற்றுங்கள், அரைமணிக்கொருக்கால் இருபது முறை. அந்த நாட்களில் மீனுக்குத் தீனி போடவே வேண்டாம்.

சரி, மிஞ்சியிருக்கும் மூன்று நியோனை என்ன செய்வது? இப்போது புதிதாக ஒன்றும் வாங்கிச் சேர்க்காதீர்கள். தீனியை இரண்டு நாளைக்கொருக்கால் ஒரு சிட்டிகை, ஒரு நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவு. தினமும் பத்து லீற்றரை எடுத்து, பாதிக்குப் பாதி கலந்த தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். தொட்டி வைத்திருக்கும் நண்பர் யாராவது இருந்தால் அவருடைய அழுக்குப் பில்டர் பஞ்சில் ஒரு துண்டை ஈரம் காயாமல் கொண்டுவந்து உங்கள் பஞ்சோடு சேர்த்துக் கட்டுங்கள், ஆறு வார வேலை இரண்டு வாரத்தில் முடியும். அவர் தொட்டியில் நோய் இல்லை என்று பார்த்துவிட்டுத்தான். உங்கள் பஞ்சை இனிக் குழாயடியில் கழுவாதீர்கள், தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பிழிந்தால் போதும்.

மூன்றும் ஒரு மாதம் தாண்டினால், மழைத் தாங்கி நிரம்பியபின் இன்னும் ஏழு நியோன் வாங்கிக் கூட்டமாக்குங்கள். தாண்டாவிட்டால் பத்து சீப்ரா டேனியோ. மழை வர இன்னும் நாளிருந்தால், இந்தக் கிழமையே பீலிக்குக் கீழே தாங்கியை வைத்துவிடுங்கள்.